கூர்மணியின் ஒரே வாடிக்கையாளர்

அத்தியாயம் 9

"ஒரு பென்சில் பெட்டிக்கு வக்கீல், கோர்ட், இப்ப துப்பறியறவங்க. அடுத்த வாரம் அழிரப்பருக்கு மிலிட்டரி வருமா சார்?"

ஸ்டேஷனரிக் கடைக்காரர் எங்களை இப்படித்தான் வரவேற்றார். பொதுவாக இந்த மாதிரிப் பேச்சு என் இலாகா. எனக்கு ரேடியோ என்று பெயர் வந்ததே அதனால்தான். அணைக்கிற பொத்தான் வைக்க மறந்துவிட்டார்கள் என்பார் மேடம். என் வேலையை இன்னொருத்தர் செய்ததில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வேண்டுமானால் முன்கூட்டியே மனுப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் டிரேட்மார்க் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து வந்தவர். இரண்டு சோப்புக் கட்டிகளை மூக்கருகில் வைத்தே எது அசல், எது போலி என்று சொல்லிவிடுவார். வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். கோர்ட் நோட்டீஸ் கொடுத்து வீடு வீடாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து உதவியாளனாக்கிக்கொண்டார். ஆறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறோம்.

அவர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கவுண்டரில் வைத்தார்.

"இந்த அறுபது பில்லும் உங்க கடையோடதா?"

"எழுத்தைப் பார்த்தாலே தெரியலையாம்மா? கோழி கிளறின மாதிரி இருந்தா அது நான் எழுதினது. கம்பெனிக்காரங்க வந்து நகல் வாங்கிட்டுப் போனாங்க."

கதைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு நிமிஷம். எங்கள் கட்சிக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கார அம்மா. வயது அறுபது. அவருடைய அப்பா குழந்தைகள் வாரப் பத்திரிகை ஒன்றில் கூர்மணி என்ற முள்ளம்பன்றியை வரைந்தவர். கூர்மணிக்கு முதுகில் முள் கிடையாது, கலர் பென்சில்கள். கழுத்தில் சிவப்பு மப்ளர். அந்தக் காலத்துக் குழந்தைகள் அதற்காக வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்களாம். அப்பா இறந்து நாலு மாதம் கழித்துத்தான் அந்த அம்மா பிறந்தார். அப்பாவை ஒரே ஒரு போட்டோவில் பார்த்திருக்கிறார், அதிலும் முகத்தில் பாதி நிழல். அவருக்கு அப்பா என்றால் கூர்மணிதான்.

ஒப்பந்தப்படி அப்பா வரைந்ததெல்லாம் பத்திரிகைக்குச் சொந்தம். பத்திரிகை மூடியதும் உரிமையை ஒரு பென்சில் கம்பெனி வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அப்பா வரைந்த கடைசிக் கதை மட்டும் அச்சேறாமல் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. கூர்மணி தன் பென்சில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இல்லாத குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு மொட்டை முதுகோடு வீட்டுக்கு நடந்து போகிற கதை. காப்பிரைட் முடிகிற நாளை மகள் காலண்டரில் எண்ணிக்கொண்டே இருந்தார். போன வருஷக் கடைசியில் அது முடிந்தது. மறு மாதமே எண்ணூறு பிரதி அடித்துவிட்டார். அட்டையில் அப்பா வரைந்த கூர்மணி, மேலே 'கூர்மணியின் கடைசிப் பென்சில்' என்று பெரிய எழுத்து. புத்தகம் பைண்டரிடமிருந்து வெளியே வருவதற்குள் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. காப்பிரைட் போனாலும் டிரேட்மார்க் போகவில்லையாம்.

"அது என்னங்க நியாயம்? ஒரு கதவு திறந்தா இன்னொரு கதவா?" என்று அந்த அம்மா எங்கள் அலுவலகத்தில் வந்து கேட்டார்.

மேடம் அப்போது சொன்னதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. "காப்பிரைட் மனுஷன் மாதிரிம்மா. பிறந்தா ஒரு நாள் சாகணும். டிரேட்மார்க் கடை மாதிரி. வியாபாரம் நடக்கற வரைக்கும் அதுக்குச் சாவு கிடையாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சாப் போதும். உங்க அப்பா கதையை இனிமே யார் வேணாலும் அச்சடிக்கலாம், அதை அவங்களால தடுக்க முடியாது. ஆனா கூர்மணிங்கற பேரும் படமும் அட்டையில நின்னா, இது கம்பெனி சரக்குன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்கன்னு சண்டைக்கு வருவாங்க."

"அப்ப அதைச் சாகடிக்க வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. தொடர்ந்து அஞ்சு வருஷம் வியாபாரமே நடக்கலேன்னா கோர்ட் ரத்து பண்ணிடும்."

வியாபாரம் நடந்தது என்று காட்டத்தான் கம்பெனி அறுபது பில்களைக் கோர்ட்டில் கொடுத்திருந்தது. ஐந்து வருஷம், அறுபது மாதம், அறுபது பில். எல்லாம் ஒரே கடை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெட்டி. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி. கடிகாரம் கூட அவ்வளவு ஒழுங்காக ஓடாது. கம்பெனியே ஓர் ஆளை வைத்துத் தன் பெட்டியைத் தானே வாங்கிக்கொள்கிறது என்பது எங்கள் முடிவு. அந்த ஆளைப் பிடித்துக் கக்க வைத்தால் விற்பனை வெறும் நாடகம் என்றாகிவிடும், டிரேட்மார்க் விழும், எண்ணூறு புத்தகமும் பிழைக்கும். பிடிக்காவிட்டால் அவ்வளவும் கூழாக அரைபட வேண்டியதுதான். விசாரணை வியாழக்கிழமை. அன்றைக்குச் செவ்வாய்.

"பள்ளிக்கூடம் திறக்கற மாசத்துல கூட ஒண்ணுதானா?" என்று மேடம் கேட்டார்.

"ஒண்ணேதான். இந்தப் பெட்டியை இப்ப எந்தக் குழந்தைம்மா கேக்குது? மத்த கடைக்காரங்க எல்லாம் நிறுத்தி வருஷக்கணக்காச்சு. நானும் அந்த ஒரு மனுஷருக்காகத்தான் வெச்சிருக்கேன்."

"யார் அவர்?"

"பேர் தெரியாது. எழுபது வயசு இருக்கும். வருவார். பெட்டியைத் திறந்து பென்சிலை எல்லாம் இங்கயே கொட்டிட்டு, யாராவது பசங்களுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டு, காலிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுவார்."

நான் மேடம் பக்கம் குனிந்தேன். "வாடகை வாடிக்கையாளர் மேடம். பென்சில் வேண்டாம், பில் போதும். இதைவிடத் தெளிவா நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வரமாட்டான்."

"பில் போதும்னா பெட்டி எதுக்கு?"

"கம்பெனில கொண்டுபோய்க் காட்டத்தான்."

"காட்டறதுக்குத்தான் பில் இருக்கே. கூலிக்கு வாங்கறவன் பென்சிலை எடுத்துக்குவான், பெட்டியைத் தூக்கிப் போடுவான். இவர் தலைகீழா செய்யறார்."

கடைக்காரருக்கு என்னைப் பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். அவரே தொடர்ந்தார்.

"இன்னொண்ணும் உண்டு. முதல்ல எடுத்துக் குடுக்கற பெட்டியை அவர் வாங்கவே மாட்டார். நாலஞ்சு பெட்டியை வரிசையா வெச்சு உத்து உத்துப் பார்ப்பார். மப்ளர்ல சிவப்பு கோட்டைத் தாண்டி வழிஞ்சிருந்தா அதைத் தள்ளி வெச்சிடுவார். கல்யாணத்துக்குத் துணி எடுக்கறவங்க கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க சார்னு கிண்டல் பண்ணுவேன். மனுஷர் சிரிக்க மாட்டார்."

"அடிக்கட்டை இருக்கா?" என்றார் மேடம்.

பில் புத்தகங்களின் அடிக்கட்டைகளைக் கடைக்காரர் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துத் தந்தார். மேடம் புரட்டினார். ஏழெட்டு அடிக்கட்டைகளின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஏதோ ஈஷியிருந்தது.

"அவர் விரல் பட்டதும்மா. எப்ப வந்தாலும் கையில என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கும். ஒரு நாள் வெள்ளையா மாவு, ஒரு நாள் இந்த ரோஸ்."

"கேக் கடைக்காரர்," என்றேன் நான். "மைதா, ரோஸ் க்ரீம். கேஸ் முடிஞ்சது மேடம்."

"மோந்து பார்."

மோந்தேன். என் நாக்கு தானாக மேல் வரிசையில் இடது பக்கம் போய் நின்றது. அங்கே எனக்கு ஒரு பொய்ப்பல் இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்கப் போன இடத்தில் ஒரு புண்ணியவான் கைப்படத் தந்த ஒப்புகைச் சீட்டு அது. அந்தப் பல்லுக்கு அளவெடுத்த அன்று ஒரு துண்டை வாயில் திணித்து, "கடிங்க, இன்னும் நல்லாக் கடிங்க" என்றார்கள். அதே நிறம், அதே மெழுகு மணம்.

"கேக் இல்ல மேடம். பல்செட் செய்யற மெழுகு. அந்த வெள்ளை மாவு அச்சு வார்க்கிற பிளாஸ்டர்."

"வாயால பிழைக்கறவன்னு உன்னை நான் சொன்னது வீண் போகல."

ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதைச் சாவகாசமாக அனுபவிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. பின்தெருவில் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே பல்செட் செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று கடைக்காரர் சொன்னார். மேடம் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

மாடிப்படி குறுகல். ஒருத்தர் இறங்கினால் இன்னொருத்தர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே ஒரே நீள அறை. ஜன்னலோரம் வேலை மேஜை, அதில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, சின்னச் சின்னக் கத்திகள், ஒரு கிண்ணம் பிளாஸ்டர். சுவர்ப் பலகையில் முப்பது நாற்பது தாடைகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் வரும்போது இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பெரியவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, மெழுகில் ஓர் ஈறைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "டாக்டர் அனுப்பினாரா? மேல் செட் நாளைக்குத்தான் தயாராகும்."

மேடம் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். என்னை அவிழ்த்துவிட்டார் என்று அர்த்தம்.

"பெட்டி விஷயமா வந்தோம் சார்," என்றேன். "பென்சில் கம்பெனிலேர்ந்து."

எங்கள் கணக்கு எளிமையானது. கம்பெனியின் ஆள் என்றால் திடுக்கிடுவார், இல்லாவிட்டால் குசுகுசுவென்று பேச ஆரம்பிப்பார். பெரியவர் இரண்டும் செய்யவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"கம்பெனிலேர்ந்தா? நல்லதாப் போச்சு, உக்காருங்க. நாலு லெட்டர் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. ரெண்டு வருஷமாச் சிவப்பு சரியா விழலைங்க. யார் அச்சடிக்கறாங்க? பழைய ஆள் இல்லையா?"

நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ வேஷம் போட்டுப் போயிருக்கிறேன். இப்படி என் வேஷத்தையே நம்பி என்னைப் பிடித்து உலுக்கியவர் இவர் ஒருத்தர்தான்.

"வாங்க, காட்டறேன்," என்று அறையின் கோடியில் தொங்கிய திரையை விலக்கினார்.

தரையிலிருந்து கூரை வரை பென்சில் பெட்டிகள். எல்லாம் முகப்புத் தெரிய அடுக்கியவை. அறுநூற்றுக்கும் மேல் கூர்மணிகள், அறுநூற்றுக்கும் மேல் சிவப்பு மப்ளர்கள். கீழ் வரிசைகள் வெளுத்துப்போய் மப்ளர் காவி நிறமாகியிருந்தது. நான் ஒன்றைத் திறந்து பார்த்தேன். காலி. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் காலி. எல்லாப் பெட்டியும் தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தது.

பெரியவர் இரண்டு பெட்டிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "இது பழசு. இது போன மாசத்துது. பாருங்க, கோட்டைத் தாண்டிப் போயிருக்கு."

"தாண்டினா என்ன சார்?" என்றார் மேடம் மெதுவாக. "பெட்டிதானே."

"அப்பாவுக்குப் பிடிக்காதும்மா."

அப்பா பக்கத்து அறையில் படுத்துக்கொண்டிருக்கிற மாதிரி சொன்னார்.

மேடம் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அவர் யார் வீட்டிலும் கேட்காமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்களா? மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கற தங்கச்சி?"

பெரியவர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். "அவ அனுப்பினாளா?"

கூடப்பிறந்தவர் யாராவது உண்டா என்று நாங்கள் முதல் நாளே அந்த அம்மாவைக் கேட்டிருந்தோம். "ஒருத்தன். செத்துட்டான்னு வெச்சுக்குங்க" என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டு, நோட்டில் 'அண்ணன், காலமாகிவிட்டார்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். துப்பறிகிற லட்சணம்.

மேடம் நாங்கள் யார் என்பதைச் சொன்னார். கம்பெனி ஆள் என்று நான் சொன்ன பொய்க்கு மன்னிப்பும் கேட்டார். பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. தங்கை எப்படி இருக்கிறாள், இளைத்துவிட்டாளா, கடையில் ஒத்தாசைக்கு ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் தன் கதைக்கு வந்தார்.

"அப்பா போகும்போது எனக்குப் பத்து வயசு. ஏழாம் தேதி, காலையில. எனக்குப் பத்தொன்பது ஆனப்ப இந்தக் கம்பெனிக்காரங்க வந்தாங்க. கூர்மணியை டிரேட்மார்க்காப் பதியப் போறோம், குடும்பத்துல யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுன்னாங்க. நான் காசு கேக்கல. அப்பா படத்தைப் பெட்டியிலேர்ந்து எடுத்துடாதீங்கன்னு மட்டும் கேட்டேன். சரின்னாங்க. சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டாங்க, அதைச் சொல்லணும்."

"தங்கச்சிக்கு எப்பத் தெரிஞ்சது?"

"அவளுக்கு இருபத்தஞ்சு வயசுல. புத்தகம் போடணும்னு கம்பெனிக்குப் போய்க் கேட்டிருக்கா. அவங்க என் கையெழுத்தை எடுத்துக் காட்டிட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, அப்பாவை வித்துட்டியேன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் பேசல."

"அதான் மாசாமாசம் பெட்டி வாங்கறீங்களா?"

"யாரும் வாங்கலேன்னா நிறுத்திடுவாங்க இல்லையா? அப்புறம் அப்பா படம் உலகத்துல எங்கயுமே இருக்காதே. ஒரு கடை நிறுத்தினா இன்னொரு கடைக்குப் போவேன். இப்ப இந்த ஒரு கடைதான் மிச்சம்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் நான் இருக்கவில்லை.

"அடடா, என்ன சார் நீங்க. ஒரு அஞ்சு வருஷம் நீங்க சும்மா இருந்திருந்தா அந்த டிரேட்மார்க் தன்னால செத்திருக்குமே. உங்க தங்கச்சி நிம்மதியாப் புத்தகம் போட்டிருப்பாங்களே."

மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். பெரியவருக்குப் புரியவில்லை. மேடத்திடம் திரும்பி, "என்னம்மா சொல்றார்?" என்றார். மேடம் பொய் சொல்லத் தெரியாதவர். விற்பனை நடக்கிற வரைதான் அந்த உரிமை நிற்கும், நாட்டிலேயே அதை வாங்கிக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று மெல்ல விளக்கினார்.

"அப்ப நான் வாங்கினதாலதான் அவளால போட முடியலையா?"

மேடம் தலையசைத்தார்.

பெரியவர் பெட்டிகளைப் பார்த்தபடி நின்றார். அழவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு நாளாகப் பேசிப் பேசியே எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். ஒரு மனிதரை இப்படி நொறுக்கியது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் திரும்பினார். குரல் திடமாக இருந்தது. "கோர்ட்ல நான் என்ன சொன்னா அவ புத்தகம் வெளிய வரும்?"

"சார்..."

"கம்பெனி சொல்லித்தான் வாங்கினேன்னு சொல்றேன். அவங்க வெச்ச ஆள்தான் நான்னு சொல்றேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

நாங்கள் தேடி வந்தது சரியாக அந்த வாக்குமூலத்தைத்தான். தட்டில் வைத்து நீட்டுகிறார். வாங்கிக்கொண்டால் வியாழக்கிழமை ஜெயித்துவிடலாம். உண்மையைச் சொல்கிறேன், என் கை பேனாவுக்குப் போனது.

"பொய்னு தெரிஞ்சு அதை நான் எழுத மாட்டேன்," என்றார் மேடம். "ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கும் நான் யாரு? கேஸ் அவங்களோடது. வாங்க, அவங்களையே கேப்போம்."

பைண்டிங் கூடத்தில் பசை வாசனை மண்டையைப் பிளந்தது. கோர்ட் ஒட்டிய சீலோடு எண்ணூறு புத்தகமும் கட்டுக்கட்டாகச் சுவரோரம் இருந்தன. கண்ணாடிக்கார அம்மா மத்தியானம் கடை சாத்துகிற ஒரு மணி நேரமும் அங்கே வந்து அந்தக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பைண்டர் அவருக்கென்றே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

அண்ணனைப் பார்த்ததும் அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். அண்ணன் வாசல்படியைத் தாண்டவில்லை. மேடம் நடந்ததை முழுக்கச் சொன்னார். எந்த இடத்தையும் பூசி மெழுகவில்லை, கூடவும் சொல்லவில்லை. பெட்டிகள் நிற்கிற சுவரைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அந்த அம்மா, "எத்தனை?" என்று கேட்டார்.

"அறுநூறுக்கு மேல."

"ஒரே ஆள் வாங்கறதெல்லாம் வியாபாரமா? அதை வெச்சு வாதாட முடியாதா?"

"வாதாடலாம். மேல்கோர்ட் வரைக்கும் போகும், மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் புத்தகம் இங்கயே சீலோட இருக்கும். முடிவு எப்படி வரும்னும் சொல்ல முடியாது. இல்லேன்னா கம்பெனி சொன்ன சமரசம் இருக்கு. அட்டையும் அதுல இருக்கற தலைப்பும் போகணும். உள்ள இருக்கற கதையை அவங்க தொட மாட்டாங்க."

"இல்லேன்னா நான் சொல்றேன்," என்றார் அண்ணன் வாசலிலிருந்து.

அந்த அம்மா நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தார். "கூண்டுல ஏறிப் பொய் சொல்வியா?"

"சொல்வேன்."

"மாட்டே. ஒரு கையெழுத்துக்காக உன்னை முப்பத்தஞ்சு வருஷம் ஒதுக்கி வெச்சேன். இன்னொண்ணை வாங்கி வெச்சுக்க எனக்குத் தெம்பு இல்லண்ணா." அவர் மேடத்திடம் திரும்பினார். "அட்டையை எடுத்துடலாம். எழுதிக் குடுத்துடுங்க."

எங்கள் வரலாற்றில் ஆளைப் பிடித்த பிறகு தோற்ற ஒரே கேஸ் இது. திரும்பி வரும் வழியெல்லாம் மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை கோர்ட்டில் ஐந்து நிமிஷம்தான் ஆனது. கம்பெனி வக்கீல் மரியாதையாகவே நடந்துகொண்டார். சமரச மனுவில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன, நீதிபதி சீலை எடுக்கச் சொன்னார். அன்று மத்தியானமே வேலை ஆரம்பித்தது. பைண்டர் முதுகுப் பக்கம் கத்தியை எப்படி விடுவது, உள்தாள் கிழியாமல் அட்டையை எப்படி உரிப்பது என்று செய்து காட்டினார். புத்தகங்களுக்கு எழுத்தே இல்லாத பழுப்புத் தாள் அட்டை தயாராக இருந்தது. கிழித்த அட்டைகளை எண்ணிக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. எண்ணுகிற வேலையை மேடம் எனக்குக் கொடுத்தார்.

அண்ணன் தன் மெழுகுக் கத்தியைக் கொண்டு வந்திருந்தார். தங்கைக்கு எதிரில் பலகையில் உட்கார்ந்து முதல் புத்தகத்தை எடுத்தார். கத்தியை வைத்தார். கை நகரவில்லை. அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல சிவப்பு சரியா விழுந்திருக்கும்மா," என்றார்.

"நாலு தடவை புரூஃப் திருப்பி அனுப்பினேன்," என்றார் தங்கை. "கோட்டைத் தாண்டினா எனக்குப் பிடிக்காது."

அப்பா முகத்தையே பார்க்காதவர். அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்தேன். அண்ணனும் யோசித்திருக்க வேண்டும், தங்கையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இரண்டு பேரும் உரிக்க ஆரம்பித்தார்கள். காகிதம் பிரிகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐம்பது தாண்டியிருக்கும். தங்கை கையை நிறுத்தாமல், ஏதோ கடை விஷயம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அண்ணா, அப்பா குரல் எப்படி இருக்கும்?"

அண்ணன் கத்தி நின்றுவிட்டது. அந்த அம்மா அதற்குப் பிறகுதான் தலை தூக்கினார். முப்பத்தைந்து வருஷம் கேட்காமல் அடக்கி வைத்திருந்த கேள்வி அது என்று எனக்குப் புரிந்தது. அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசை இருந்தது.

"ஞாபகம் இல்லம்மா," என்றார் அண்ணன்.

"உனக்குப் பத்து வயசாச்சே."

"நல்லா ஞாபகம் இருந்திருக்க வேண்டிய வயசுதான். ஒரு வருஷத்துக்குள்ளயே போயிடுச்சு. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கூட வரல. இந்தப் படத்தை எதிர்ல வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தா என்னிக்காவது ஒரு நாள் காதுல கேக்கும்னு நினைச்சேன். அதுக்குத்தான் புதுசு புதுசா வாங்கினேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வரவே இல்லம்மா."

தங்கை அண்ணன் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக வாங்கி, அதன் அட்டையைத் தானே உரித்து என் பக்கம் வைத்தார். இன்னும் எழுநூற்று நாற்பது பாக்கி இருந்தது.